அக்கரைக்குத் தெரியாத நெருப்பு

உருக்காலையில் எரிவாயுவுக்குப் பொறுப்பாக இருப்பது, எரியும்போது ஒருவரும் நினைக்காத, நின்றவுடன் எல்லோரும் பெயர் சொல்லித் தேடுகிற தொழில்.

உங்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. பருப்பு பாதி வெந்திருக்கும்போது சிலிண்டர் முடிந்து, மூடியைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டு நின்றவர்கள்தானே நீங்களும். என்னுடையதும் அதே அடுப்புத்தான், கொஞ்சம் பெரியது. திருகோணமலைத் துறைமுகத்தின் உட்பக்கம், சீனக்குடாவில் ஒரு சின்னக் கம்பி ஆலை. கப்பலில் வரும் உருக்குக் கட்டைகளை உலைக்குள் தள்ளி, தோடம்பழச் செம்மஞ்சள் நிறம் வரும்வரை சூடாக்கி, உருளைகளுக்கு நடுவே விட்டு நீட்டி, வீடு கட்டும் கம்பியாக்குவோம். முன்பு உலைக்குக் கறுப்பு எண்ணெய் எரித்தார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், புகை தாங்கவில்லை என்று அக்கம்பக்கத்தார் முறைப்பட்டதால், உலையை வாயுவுக்கு மாற்றினார்கள். மாற்றுகிற வேலை என்னிடம் வந்தது. மற்றவர்கள் பழைய எண்ணெயோடு பழகிப்போயிருந்தார்கள் என்பதைவிட வேறு காரணம் இல்லை.

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். அதனால் எந்த வால்வையும் இரண்டு தடவை பார்த்துத்தான் பூட்டுவேன். நான் பிழை விட்டால் திருத்திச் சொல்ல வீட்டில் இன்னொரு பட்டதாரி இல்லை.

வெந்த கம்பி

வாயுவுக்கு மாறிய கொஞ்ச நாளில் தோப்பூரிலிருந்து ஒரு மேசன், வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு கம்பி வாங்க வந்தார். அடுக்கில் இருந்த ஒரு கம்பியைத் தட்டிப் பார்த்தார். காதில் வைத்துப் பார்த்தார். பிறகு, சத்தியமாகச் சொல்கிறேன், மணந்து பார்த்தார். "கேஸில சுட்டதா இது?" என்றார். ஓம் என்றேன். கம்பியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டார்.

இரும்புக்கு எந்த நெருப்பு என்று தெரியாது, எவ்வளவு சூடு என்று மட்டும்தான் தெரியும் என்று சொன்னேன். எண்ணெயில் இருக்கும் கந்தகம் வாயுவில் கிட்டத்தட்ட இல்லை என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். அது சம்மதம் இல்லை, மரியாதை. கடைசியில் ஒரு துண்டை எடுத்து, அவர் கண்முன்னாலேயே வளைக்கும் இயந்திரத்தில் கொடுத்துக் கொக்கி மாதிரி வளைத்துக் காட்டினோம். வளைவில் ஒரு கீறல்கூட விழவில்லை. விரலால் தடவிப் பார்த்தார், வீட்டுக்காரரையும் தடவச் சொன்னார், லொறிக்கு ஏற்றச் சொன்னார். லொறியில் ஏறும்போதுதான் திரும்பிப் பார்த்துச் சொன்னார்:

"கம்பி நல்லம்தான் மிஸ். ஆனா விறகில வெந்த சோத்துக்கு ஒரு ருசி ஈக்கு, அத நீங்க மறுக்க ஏலா."

அம்மாவின் புகை

எங்கள் ஊர் சம்பூர். துறைமுகத்துக்கு எதிரே, கொட்டியாரக் குடாவின் மறுகரை. பஸ்ஸில் போனால் கிண்ணியா, மூதூர் என்று சுற்ற வேண்டும். கடற்கரையில் நின்று பார்த்தால் எல்லாம் கண்ணுக்கு முன்னால். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது போர் வந்து ஊரோடு எழும்பி ஓடினோம். முகாம், உறவினர் வீடு, வாடகை வீடு என்று அலைந்து, திரும்பிப் போக விட்டபோது எங்கள் வளவில் அத்திவாரமும் கிணறும் மட்டும் மிஞ்சியிருந்தன. அப்பா அதைப் பார்க்க இருக்கவில்லை. அம்மா கிணற்றுக்குப் பக்கத்தில் தகரம் போட்டுக்கொண்டு குடியிருக்கிறா. இனி எந்தக் காரணத்துக்காகவும் அந்த வளவைவிட்டு எழும்ப மாட்டா. நான் ஆலைக்குப் பக்கத்தில் அறை எடுத்து இருக்கிறேன்.

எண்ணெய் எரிந்த காலத்தில், காலையில் மீன் வாங்கக் கடற்கரைக்குப் போகும் அம்மா, அக்கரையில் எழும்பும் கறுப்புக் கோட்டைப் பார்ப்பா. பிள்ளை வேலைக்குப் போய்விட்டாள் என்று அர்த்தம். வலை இழுப்பவர்களிடம், "அதுதான் என்ர மகளின்ர புகை" என்று காட்டுவாவாம். எனக்கு இது தெரியாது. உலையை வாயுவுக்கு மாற்றி, காற்றையும் வாயுவையும் சரியான அளவில் கொண்டுவந்து, புகைபோக்கி வாயில் ஒன்றுமே தெரியாத அளவுக்குச் சுத்தமாக எரிய வைத்த அன்று மனேஜர் எனக்குக் கை கொடுத்தார். பின்னேரம் அம்மா அழைத்து, "ஏன் பிள்ளை, இண்டைக்கு வேலைக்குப் போகேல்லையோ? சுகமில்லையோ?" என்று கேட்டா. நல்ல எரிப்பென்றால் புகை இருக்காது, புகை என்பது எரியாமல் வீணாகப் போகிற எரிபொருள், அதை இல்லாமல் ஆக்குவதுதான் என் படிப்பு என்று மகிழ்ச்சியோடு விளக்கினேன். அம்மா முழுதும் கேட்டா. பிறகு சொன்னா:

"படிச்சுப் படிச்சு, கடைசியில உன்னை எனக்குத் தெரியாமல் ஆக்கிப்போட்டாய்."

ஆயுத பூசை

எங்கள் ஆலையில் ஆயுத பூசைக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஐயர் தீபம் காட்டும் நேரம் உலையின் கதவைத் தூக்குவார்கள். எண்ணெய்ச் சுவாலை மஞ்சளாக வெளியே எட்டிப் பார்க்கும். எல்லோரும் கையெடுப்பார்கள். உலையை ஓட்டும் றிஸ்வான் நானா கிண்ணியாக்காரர்; முஸ்லிம்கள் அண்ணனை நானா என்பார்கள். அவர் கும்பிட மாட்டார். ஆனால் கதவைத் தூக்குகிற பொத்தானை அமர்த்துவது எப்போதும் அவர்தான். சரியான நேரம் அவருக்கு ஐயரைவிட நன்றாகத் தெரியும்.

வாயு வந்த வருடம் கதவு எழும்பியது, உள்ளே ஒன்றும் இல்லை. நன்றாகச் சூடேறிய உலையில் வாயுச் சுவாலை கண்ணுக்குத் தெரியாது; சுவரும் கட்டையும் ஒளிருகிற ஒளிக்குள் அது மறைந்துவிடும். நானாவே அந்த நாட்களில் பார்வைத் துளைக்குள் கண்ணை வைத்துவிட்டு, "எரியுதா மிஸ்?" என்று என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார். தட்டோடு நின்ற ஐயர் என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "நெருப்பு இருக்கு ஐயா, தெரியாது, அவ்வளவுதான்" என்றேன், ஏதோ நான்தான் அதை ஒளித்து வைத்திருப்பது போல. ஐயர் கர்ப்பூரத்தைக் கொளுத்தி, வெறும் ஒளிக்கு நேரே மூன்று சுற்றுச் சுற்றினார்.

"தெரியாட்டில் என்ன பிள்ளை, தெரியாததைக் காட்டுறதுதானே என்ர தொழிலும்."

வாசலில் சிலிண்டர்

பிறகு நாடு முழுக்க வாயு இல்லாமல் போன காலம் வந்தது. அந்த வரிசைகளில் நீங்களும் நின்றிருப்பீர்கள், அதை நான் சொல்லத் தேவையில்லை. எங்கள் வாசலில் ஒரு தனி வரிசை தொடங்கியது. மதிலுக்கு மேலால் தெரியும் எங்கள் பெரிய வெள்ளை வாயுத் தாங்கியைக் கண்டு, சைக்கிளிலும் முச்சக்கர வண்டியிலும் சிலிண்டர்களைக் கட்டிக்கொண்டு சனம் வந்தது. தாங்கியிலிருந்து சிலிண்டருக்கு நிரப்பும் வசதியும் எங்களிடம் இல்லை, அனுமதியும் இல்லை, நிரப்பப் போனால் எல்லோரும் சேர்ந்து பறப்போம் என்று ஒவ்வொருவருக்கும் சொன்னேன். சிலர் ஏசினார்கள். ஒரு வயதான மனிதர் தன் சிலிண்டரைத் தட்டிக்காட்டி, "நல்ல சிலிண்டர்தான் தங்கச்சி" என்றார், பிழை சிலிண்டரில் என்று நினைத்து.

ஒரு பெண் மட்டும் ஏசவில்லை. மாஞ்சோலையிலிருந்து வந்தவர். நான் சொன்னதை முழுதாகக் கேட்டார். தாங்கியைப் பார்த்தார், உலைக் கொட்டகைக்கு மேலே நடுங்கும் வெப்பக் காற்றைப் பார்த்தார், சிலிண்டரை முச்சக்கர வண்டியில் திரும்ப ஏற்றினார். பிறகு என் கிட்ட வந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னார்:

"சரி மிஸ், கேஸ் தர ஏலாட்டிப் பரவால்ல. அந்த உலை வாசல்ல என்ட கறிச்சட்டியக் கொஞ்சம் வெச்சு எடுத்துத் தாங்களன்."

முடிகிற வாசம்

எங்கள் தாங்கியும் இறங்கிக்கொண்டே போனது. ஒரு காலை, வாசல் காவலாளி துரை அண்ணை தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். "மிஸ், காஸ் மணக்குது!" எல்லோரையும் வெளியே எடுத்தேன். சவர்க்கார நுரையைத் தூரிகையில் தொட்டு ஒவ்வொரு மூட்டிலும் பூசினேன். நுரை எங்கேயும் கொப்பளிக்கவில்லை. என் வழக்கப்படி இன்னொரு தடவையும் பூசினேன். கசிவு இல்லை.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. வாயுவுக்கு இயல்பில் வாசமே கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்று நாறுகிற ஒன்றைக் கலந்து விடுவார்கள். வாயு எரிந்து போகப் போக, அந்த நாற்றம் அடியில் மிஞ்சித் தடித்துக்கொண்டே போகும்; பற்றவைக்கிற நேரம் தப்புகிற துளிகூட மணக்கும். வீட்டுச் சிலிண்டரும் முடிகிற நேரத்தில் கொஞ்சம் கூடுதலாக மணக்கும், கவனித்திருப்பீர்கள். இது கசிவு இல்லை அண்ணை, முடியப் போகிறது, அதுதான் வாசம் கூடியிருக்கு என்றேன். துரை அண்ணையின் மகனுக்குக் கனடாவுக்குப் போக அண்மையில்தான் வழி கிடைத்திருந்தது. அவர் தொப்பியைத் திரும்பத் தலையில் வைத்தார்.

"என்ர பெடியனும் அப்பிடித்தான் மிஸ். இவ்வளவு காலமும் வீட்டில இருக்கிறானோ எண்டு தெரியாது, விசா வந்த பிறகு வீடு முழுக்க அவன்தான்."

உலைக்குள் சாப்பாடு

தாங்கி முடிந்து, உலை ஆறியது. ஆலையில் வேலை செய்யாதவர்களுக்கு இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஓடுகிற ஆலையில் வாய் பேசுவது கேட்காது. நின்ற ஆலையில் ஆணியில் தொங்கும் சட்டை அசைவதுகூடக் கேட்கும். நானாவும் நானும் இன்னும் சிலரும், சும்மா இருக்காமல், உலைக்குள் இறங்கி உடைந்த கற்களை எடுத்துவிட்டுப் புதுக்கல் வைத்துப் பூசினோம். வெளியே தகரக் கூரைக்குக் கீழே வெயில் கொதித்தது. தடித்த கல்லுச் சுவருக்குள் மட்டும் குளிர்ச்சி. ஆகவே மதியச் சாப்பாட்டையும் அங்கேயே எடுத்துவந்தோம். ஆலை முழுவதிலும் குளிரான இடம் உலை என்றால் நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

மனேஜர் ஒருநாள் உலை வாசலில் குனிந்து உள்ளே பார்த்தார். நாங்கள் சோற்றுப் பார்சலோடு இருந்தோம். மாரி முடிய முன்னம் வாயு வராவிட்டால் முதலாளி ஆலையை மூடி இயந்திரங்களை விற்றுவிடுவார் என்று, குனிந்தபடியே சொல்லிவிட்டுப் போனார். அதே கிழமை, என்னோடு படித்த தோழி ஓமானிலிருந்து எழுதியிருந்தாள்: அங்கே ஒரு வாயு நிலையத்தில் எனக்கு இடம் இருக்கிறது, சீக்கிரம் பதில் போடு. அதை நானாவிடம் வாசித்துக் காட்டினேன். யாரிடமாவது காட்ட வேண்டியிருந்தது. அவர் விரலை நக்கிவிட்டு, உலைக் கூரையைப் பார்த்தார்.

"ஓமானில கேஸ் நெலத்துக்குக் கீழயே கிடக்காம் மிஸ். இஞ்ச அது ஒண்டத் தவிர மத்த எல்லாம் கிடக்கு."

எந்தக் கரை

வார இறுதியில் வீட்டுக்குப் போனேன். ஓமான் கதையை எப்படித் தொடங்குவது என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்து, கடைசியில் கிணற்றடியில் வாளியைப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் சொன்னேன். ஆலை நின்றுவிட்டது, மூடினாலும் மூடுவார்கள், அப்படியென்றால் நான் போக வேண்டி வரும். அம்மாவையும் திருகோணமலை நகருக்கு வந்து இருக்கச் சொல்லிக் கேட்கவில்லை. பதில் எனக்குத் தெரியும்.

அம்மா கோபப்படவில்லை, அழவும் இல்லை. "புகையில்லாமல் ஓடின ஆலை, புகையில்லாமல் நிண்டால் எனக்கு என்னெண்டு தெரியும்? நீ சொன்னபடியால் தெரியும்" என்றா. வாளியை என் கையிலிருந்து வாங்கித் தென்னம்பிள்ளைக்கு ஊற்றினா. பிறகு, பக்கத்து வீட்டுக்குப் போகிற வழி கேட்பது போலச் சாதாரணமாகக் கேட்டா:

"இஞ்சயிருந்து பாத்தால் நீ இருக்கிற கரை தெரியுது. ஓமானில இருந்தால் எந்தக் கரையில நிண்டு நான் பாக்கிறது?"

கடலைப் பார்த்தவர்கள்

அதற்குப் பிறகு அம்மா கப்பல் பார்க்கத் தொடங்கினா. குடாவுக்குள் ஏதாவது கப்பல் நுழைந்தால் எனக்கு அழைப்பு வரும். "ஒண்டு போகுது, சிவப்பு. காஸோ?" கோதுமை அம்மா. "இப்ப ஒண்டு, சாம்பல் நிறம்." அது சீமெந்து. "இது பெரிசு பிள்ளை, வெள்ளை, வட்டமா ஏதோ மேல இருக்கு." அது உல்லாசப் பயணிகள் கப்பல், வட்டமாக இருந்தது நீச்சல் தடாகத்தின் சறுக்கு.

எங்களுக்கான வாயு இந்தத் துறைமுகத்தால் வருவதே இல்லை. தெற்கே எங்கோ இறங்கி, பவுசர் என்கிற தாங்கி லொறியில் ஏறி, தரைவழியாகக் கந்தளாய்ப் பக்கத்தால் வரும். இது எனக்குத் தெரியும், மனேஜருக்குத் தெரியும், ஆலையில் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் நாங்கள் துறைமுகச் சனம். எங்களுக்குக் கோதுமை மா வந்தால் கடலால், சீமெந்து வந்தால் கடலால், போனவர்கள் போனதும் கடலால். ஆகவே கப்பல் ஊதினால் துரை அண்ணை வாசலை விட்டுக் கடல் பக்கம் போவார், பின்னால் நானா போவார், அவர்கள் போவது பிழை என்று சொல்லப் போகிற நான் அவர்களோடு நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். அம்மாவிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். காஸ் றோட்டால வரும் அம்மா, கப்பலைப் பார்த்துக் களைக்காதேங்கோ என்றேன்.

"றோட்டு இஞ்சயிருந்து தெரியாது பிள்ளை. தெரியிறதைத்தானே நான் பாக்கலாம்."

முதுகுப் பக்கத்தால்

மாரி தொடங்கி, மழை விட்டிருந்த ஒரு காலை, நீண்ட வெள்ளைக் கப்பலொன்று துறைமுகத்துக்குள் திரும்பியது. அதன் மேல்தளத்தில் உருண்டைத் தாங்கிகள் மாதிரி ஏதோ இருந்தது. அன்றைக்கு மனேஜர்கூடக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டார். ஆலை முழுவதும் கடல் பக்க வேலியில் வரிசையாக நின்றது. ஒருவரும் "காஸ்" என்ற சொல்லைச் சொல்லவில்லை. சொன்னால் அது வேறு ஏதாவது ஆகிவிடும் என்ற பயம். நான் விரலைப் பின்னிக்கொண்டு நின்றேன்.

பின்னால் யாரோ விடாமல் ஹோர்ன் அடித்தார்கள். முதலில் ஒருவரும் திரும்பவில்லை. நானாவின் மச்சான் கந்தளாயில் வீதியோரம் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கிறார். பவுசர் தாண்டியதும் அழைக்கச் சொல்லி வைத்திருந்தோம். அவர் அழைத்துத்தான் இருக்கிறார். நானாவின் தொலைபேசி, ஆணியில் தொங்கிய சட்டைப் பையில், யாருமில்லாத கொட்டகையில் அடித்துக்கொண்டிருந்திருக்கிறது. நாங்கள் ஓடிவந்தபோது பூட்டிய வாசலுக்கு வெளியே பவுசர் நின்றது. பதுளைப் பக்கத்துச் சாரதி, கதவைத் திறந்து மிதிபலகையில் ஏறி நின்று, மதிலுக்கு மேலால் எங்கள் எல்லோருடைய முதுகையும் பார்த்தபடி இருந்திருக்கிறார்.

"இவ்வளவு தூரம் மழையில ஓட்டிக்கிட்டு வந்திருக்கேன், ஒருத்தருக்கும் இந்த கேஸ் வேணாங்களா? அப்ப திருப்பிக்கிட்டுப் போயிரவா?"

ஆறுதலாக

வந்தது முழுத்தாங்கிக்கு இல்லை, கொஞ்சம்தான். மனேஜர் உடனே மூட்டச் சொன்னார். கம்பிக்குக் காத்திருந்தவர்கள் வாசலில் நின்றார்கள். நல்ல பெயரோடு தொடங்கினால் முதலாளி மூடுகிற எண்ணத்தை விடுவார். அவர் சொன்னது நியாயம். ஆனால் நாங்கள் வைத்த புதுக்கல்லிலும் பூச்சிலும் ஈரம் இருந்தது, மாரிக் காற்றில் அது காயவும் இல்லை. ஒரேயடியாகச் சூடேற்றினால் உள்ளே இருக்கும் நீர் ஆவியாகிக் கல்லை வெடிக்க வைக்கும். பிறகு வாயு இருக்கும், உலை இருக்காது. சின்னச் சுவாலையில் மெல்ல மெல்ல, எங்கள் பேச்சில் ஆறுதலாக, காயவைக்க வேண்டும். அதுவரை ஒரு கம்பியும் வெளியே வராது, கிடைத்த கொஞ்ச வாயு மட்டும் போய்க்கொண்டிருக்கும். மனேஜர் முன்னால் போய் நின்றேன். "இல்லை சேர், ஆறுதலாகத்தான் செய்யலாம்" என்று எப்படியோ சொன்னேன். வாயு கல்லைக் காயவைத்தே முடிந்துபோனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். கணக்குப் பார்த்திருக்கிறேன், போதும் என்றேன். இரண்டு தடவை பார்த்ததைச் சொல்லவில்லை. அவர் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "அப்ப உலை உங்கட பொறுப்பு" என்றார். அது வாழ்த்தா மிரட்டலா என்று இன்னும் தெரியாது.

மறுநாள் காலை, முதலில் வெறும் காற்றை ஊதி, உலைக்குள் தேங்கிய எதையும் வெளியே தள்ளினோம். பிறகு சிறு சுவாலையை மூட்டினோம். ஆறிய உலையில் அது நீலமாகத் தெரிந்தது, ஒரு பூ அளவில். நானா துளையில் கண்ணை வைத்துவிட்டு, வழக்கப்படி, "எரியுதா மிஸ்?" என்றார். நீங்களே பார்க்கிறீர்களே நானா என்றேன். "பாக்கிறன். ஆனா நீங்க சொன்னாத்தான் எரியிற மாதிரி" என்றார்.

கொஞ்ச நேரத்தில் என் தொலைபேசி அடித்தது. அம்மா கடற்கரையில் நிற்பது காற்றுச் சத்தத்தில் தெரிந்தது. "பிள்ளை, உன்ர பக்கத்தில வெள்ளையா ஒண்டு எழும்புது. பஞ்சு மாதிரி. நீதானே?"

வெளியே ஓடிப்போய் அண்ணாந்து பார்த்தேன். கல்லுக்குள் இருந்த ஈரம் முழுவதும் ஆவியாகி, குளிர்ந்த மாரிக் காற்றில் தடித்து, புகைபோக்கியிலிருந்து நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. நான் கணக்கிட்டு வைத்த எதிலும் அது இருக்கவில்லை. "ஓம் அம்மா, நான்தான்" என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம்; எனக்குப் பொய்யும் வராது, பாதி உண்மையும் வராது. இது புகை இல்லை, நீராவி, கல் காய்ந்தவுடன் போய்விடும், பிறகு முந்தி மாதிரி ஒன்றும் தெரியாது என்றும் சொன்னேன். அம்மா கேட்டா:

"அப்ப ஏன் அவசரப்படுறாய்? ஆறுதலாக் காய வை பிள்ளை."

ஆறுதலாகத்தான் காய வைத்தேன். கல் வெடிக்கவில்லை, வாயு போதுமாக இருந்தது, கட்டைகள் தோடம்பழ நிறத்தில் வெளியே வந்தன, ஓமானுக்கு வரவில்லை என்று தோழிக்கு எழுதினேன். நல்ல எரிப்புக்குப் புகை இருக்காது என்று கேட்பவர்களுக்கெல்லாம் இப்போதும் விளக்கிக்கொண்டுதான் இருக்கிறேன், ஆனால் உலையைத் திருத்த நிறுத்தும் நாட்களில் எங்கேயாவது ஈரப்பூச்சோடு மாற்ற வேண்டிய கல் ஒன்று அகப்படுமா என்று தேடுவதை மட்டும் என் படிப்பால் நிறுத்த ஏலாமல் இருக்கிறது.